கை காயும்வரை

தைப்பிங், மலாயா
18-2-46

என் தங்கை ஈசுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மற்றதை நீ ஆறுதலாக வாசிப்பாய். நீயும் தில்லைநாதனும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று, தபால் நின்றுபோன நாள் முதல் விளக்கு வைக்கும் போதெல்லாம் நினைத்தேன்; எண்ணெய் இல்லாத காலத்தில் விளக்கில்லாமலே நினைத்தேன்.

நாற்பத்து நாலாம் ஆண்டு நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் உன்னுடைய அட்டை ஒன்று கிடைத்தது. 'ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். ஐயாவின் சாயல். கவலைப்பட வேண்டாம்.' இருபத்தைந்து சொல் எழுத அனுமதி இருந்ததாம். மிச்சச் சொற்களை வீணாக்கிவிட்டாளே என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். பிறகு அந்த அட்டையைச் சுவரில் ஒட்டி வைத்தேன். இப்போது அவனுக்கு இரண்டரை வயதாகியிருக்கும். என்ன பெயர் வைத்தீர்கள்? பேசுகிறானா?

இங்கே எல்லாம் தட்டுப்பாடுதான். மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் வயிறு திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஜப்பான்காரன் இருந்த காலத்தில் செம்பனை எண்ணெயையும் சாம்பல் நீரையும் காய்ச்சி நாங்களே சவர்க்காரம் செய்தோம். நுரை வராது, தோல்தான் உரியும். வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு கட்டி தந்தார்கள். நான் அன்று குளிக்கவில்லை. மணந்துகொண்டே இருந்தேன்.

ஐயாவும் அம்மாவும் இல்லாத பிறகு எனக்கு எழுத உன்னைத் தவிர யார்? உடனே பதில் போடு. நீ எதற்கும் பிந்துகிறவள்.

அன்புடன்,
அக்கா நேசமலர்

*

வெள்ளவத்தை
14-4-46

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை அவர் கந்தோரிலிருந்து வந்து வாசிக்கும்வரை நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுத உட்கார்ந்தால் பிள்ளை விழித்துவிடுவாள். அவள் தூங்கினால் எனக்கு என்ன எழுதுவதென்று தெரியாமற் போய்விடும். அத்தானுக்கு எங்கள் இருவருடைய வணக்கமும்.

பிள்ளையின் பெயர் புவனேஸ்வரி. சென்ற கார்த்திகையில் பிறந்தாள், ஐந்து மாதம். தலை நிற்கிறது. அவளை நான் அவரைத் தவிர யாரிடமும் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் "கொஞ்சம் தாரும், தூக்கிப் பார்ப்பம்" என்று கேட்டால் சளி, தடிமன் என்று சொல்லிவிடுவேன். அவளுடைய துணிகளை நானே அவித்து, கார்போலிக் சவர்க்காரம் போட்டு அலசுகிறேன். என் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. கல்லூரியில் விலங்கியல் படித்தவளுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தது மறக்காது, அக்கா.

அவர் சுங்கத்தில் அதே மேசையில் இருக்கிறார். முந்தியே அதிகம் பேசமாட்டார், தெரியும்தானே. மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். நான் மில் சங்கு ஊதுவதையும் ரயில் போவதையும் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

உங்கள் சவர்க்காரக் கதை என்னை ஒரு வாரம் விடவில்லை. இங்கேயும் கட்டி கிடைப்பது கஷ்டம். இல்லாதவர்கள் பாடு கேட்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம் எனக்குத் தெரியும். தோட்டம் என்றால் மரம் செடியில்லை; ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்குபோட்ட இருபத்தாறு அறை, எல்லாருக்கும் ஒரு தண்ணீர்ப் பைப்பு. அங்குள்ளவர்களுக்குச் சவர்க்காரம், பற்பொடி, துவாய், பேன்சீப்பு கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று யோசிக்கிறேன். பாலகர் முதல் கிழவர் வரைக்கும்.

உங்களுக்கு இரண்டு கட்டி தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன்.

உங்கள்
ஈசு

*

தைப்பிங்
6-5-46

ஈசுவுக்கு,

நான் சுகம். புவனேஸ்வரிக்கு என் முத்தங்கள். அவளையாவது என்னிடம் தருவாயா, அல்லது எனக்கும் தடிமனா?

பார்சல் வந்தது. ஒரு கட்டியை உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மகனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தாள் ஏதும் விழுந்துவிட்டதோ என்று உறையைத் தட்டிப் பார்த்தேன். ஈசு, அவன் எங்கே?

இன்னொன்று. வெள்ளவத்தையில் இல்லாதவர்கள் இல்லையா? ஏன் கொட்டாஞ்சேனை?

அக்கா

*

வெள்ளவத்தை
2-6-46

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்களுக்கும் அத்தானுக்கும் குறையொன்றும் இராதென்று நம்புகிறேன்.

ஐயாவின் பெயரைத்தான் வைத்தோம். நாகேந்திரம். நாகு என்று கூப்பிட்டோம். நாற்பத்து நாலு ஆவணியில் வயிற்றோட்டம் வந்து மூன்று நாளில் போய்விட்டான். பதினொரு மாதம். கனத்தை மயானத்தில் வைத்திருக்கிறது. என் அட்டை உங்கள் கைக்கு வந்தபோது அவன் இருந்தானோ இல்லையோ, தெரியாது. சுவரிலிருந்து அதை எடுக்க வேண்டாம்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புறக்கோட்டை வரை ரயில், பிறகு கிராண்ட்பாஸ் டிராம். பைப்படியில் ஒரு மர வாங்கைப் போட்டு, கட்டிகளையும் பற்பொடியையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். ஒருவர் கை ஒருவருக்குப் படாமல் இருப்பது நல்லது. முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு கிழவி வந்து பற்பொடியைத் திறந்து பார்த்தாள்.

"நோனா, பல்லுக்குப் பொடி தாறீங்க. பல்லுக்கு ஒரு வேலயும் தாறீங்க இல்லயே!"

"உம்மாட பல்லு ரெண்டுக்கும் எப்பவோ லீவு குடுத்தாச்சி, நோனா," என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது. பிறகு தட்டு ஒரு நிமிடத்தில் காலி. நளீபா என்று ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, "சவுக்காரம் ஈக்கட்டும் நோனா, பொம்புளங்க குளிக்க ஒரு மறைப்பு இல்லயே," என்றாள். மற்றபடி நன்றாக நடந்தது. ஒரு கதவு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்யப் போகிறேன். மாதாந்தம் பெண்களுக்கும் பாலகருக்கும் சுத்தமான துணிதான் முக்கியம். பக்கத்து வீடுகளில் துணிக் கூப்பன் சேர்த்து வெள்ளைத் துணி வாங்கியிருக்கிறேன். பழையது வேண்டாம், புதியதுதான் கிருமியில்லாதது. ஒரு மாமி, புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடு பிள்ளை, வெறும் வெள்ளையாய்க் கொடுக்காதே என்றார். மஞ்சளில் என்ன கிருமி போகும் என்று சிரித்துவிட்டேன்.

உங்கள்
ஈசு

*

தைப்பிங்
20-6-46

என் ஈசு,

அட்டை சுவரிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பூ வைத்தேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழ முடியாத தூரத்தில் இருக்கிறேன். மூன்று நாள் உன்னோடு யார் இருந்தார்கள் என்றாவது எழுதேன்.

சாப்பிடு. தூங்கு. விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் போடு.

அக்கா

*

வெள்ளவத்தை
15-7-46

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சுகம். புவனி தவழத் தொடங்கிவிட்டாள். அத்தானுக்கு வணக்கம்.

இனிக் கொட்டாஞ்சேனைக்குப் போவதாயில்லை. நடந்ததை எழுதுகிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

பத்து நாள் இருந்து பொட்டலம் கட்டினேன். வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் ஒரு கார்போலிக் கட்டி, சுத்தமான பஞ்சு ஒரு சுருள், பேனுக்கும் மூட்டைப்பூச்சிக்குமாகக் கற்பூரம். சுருட்டி, பிரியாமலிருக்க இரண்டு முனையையும் நாடாவால் முடிந்தேன். பெரியவர்களுக்கு நீளமாக, பிள்ளைகளுக்கு நடுத்தரமாக, பாலகருக்குச் சின்னதாக. அளவு பார்த்து அடுக்கியபோது இந்த வீட்டில் வெகு நாளுக்குப் பிறகு ஒரு வேலையை முடித்தது போல இருந்தது. அவர் கந்தோரிலிருந்து வந்து அடுக்கைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார், பிறகு சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

சனிக்கிழமை தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். போன முறை சிரித்தவர்கள்தான் எல்லோரும். என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தட்டைப் பார்த்த கிழவி இரண்டடி பின்னால் போனாள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். பைப்புத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போன முறை திறக்காத அந்தக் கதவும் அன்றைக்குத்தான் திறந்தது. அங்கே ருக்கியா என்று ஒரு பெண் இருக்கிறாள், நளீபாவின் தாய். நளீபாவின் மகனுக்காக அவளிடம் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கினாள். கையில் வைத்து இரண்டு முடிச்சையும் பார்த்தாள். பிறகு குனிந்து, போடவில்லை அக்கா, மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல என் காலடியில் வைத்தாள்.

"இத எங்கட வாசலுக்குக் கொண்டாந்தீங்களா, நோனா?" என்றாள்.

ஒருவரும் ஒன்றையும் எடுக்கவில்லை. முழுத் தட்டோடு டிராமில் திரும்பி வந்தேன். என்ன குறை? புதுத் துணி, நல்ல சவர்க்காரம். நன்றி வேண்டாம், காரணமாவது சொல்லக் கூடாதா? அவரிடம் சொன்னேன். "விடும்," என்றார். அவ்வளவுதான்.

பொட்டலங்கள் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பக்கம் பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

உங்கள்
ஈசு

*

தைப்பிங்
1-8-46

ஈசுவுக்கு,

சுகம் கேட்கும் பொறுமை இன்று எனக்கில்லை. உன் கடிதத்தை வாசித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். பஞ்சகாலத்தில் எனக்குச் சாம்பல் நீர் காய்ச்சக் கற்றுத் தந்தவர். அவர் காலமானபோது ஊரிலே ஒரு முழ வெள்ளைத் துணி இல்லை. என் ஜன்னற் சீலைகளைக் கழற்றிக் கொடுத்தேன். உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார்கள். துணியை விரித்தார்கள். கற்பூரம் தூவினார்கள், பஞ்சு வைத்தார்கள். சுற்றி, தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு.

முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றும் துணி அது, கபன் என்பார்கள், ஈசு. நீ அந்தத் தோட்டத்துக்குக் கபன் கட்டிக் கொண்டு போயிருக்கிறாய். கிழவிக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பாலகனுக்குச் சின்னதாய் ஒன்று. அளவு பார்த்து.

உனக்குத் தெரியாது. அவர்களும் நாலு நாள் கழித்து அதை விளங்கிக்கொண்டிருப்பார்கள். தெரியாத ஒருத்தி செய்த பிழை என்று பைப்படியில் சிரித்தும் இருப்பார்கள். ஆனால் அந்த ருக்கியா அப்படிப் பார்க்கவில்லை. தெரியாதவளிடம் யாரும் இப்படிக் காலடியில் வைத்து "கொண்டாந்தீங்களா" என்று கேட்கமாட்டார்கள். அவளை உனக்கு முன்பே தெரியும். கொட்டாஞ்சேனையை நீ ஏன் தேர்ந்தாய் என்று கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்று மைதானத்தில் எனக்குச் சவர்க்காரம் தந்தவளின் முகம் நினைவில்லை. என் கை பட்டுவிடாமல் தட்டில் வைத்துத் தள்ளினாள். அது நினைவிருக்கிறது.

அக்கா

*

தைப்பிங்
10-9-46

ஈசுவுக்கு,

ஆறு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரியும். புவனி சுகமா? அதை மட்டுமாவது ஓர் அட்டையில் போடு.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் அத்தானுக்கு வணக்கம் சொல்கிறாய். நான் ஒரு முறைகூட அதற்குப் பதில் எழுதவில்லை, கவனித்தாயா? உன்னிடம் 'அவன் எங்கே' என்று கேட்ட நான், என் வீட்டில் யார் இல்லை என்பதை எழுதவில்லை. நாற்பத்து மூன்றில் ரயில்வேக்காரர் என்று அவரைச் சயாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட. கூடப் போனவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு திரும்பி வந்தார். வாந்திபேதி என்றார். வாயை நனைக்க நல்ல தண்ணீர் இருக்கவில்லை என்றார்.

எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். இப்போது எழுதிவிட்டேன். நான் இன்னும் இருக்கிறேன், காலையில் அடுப்பு மூட்டினேன். நீயும் எழுது.

அக்கா

*

வெள்ளவத்தை
29-9-46

என் அக்காவுக்கு,

புவனி சுகம். அத்தானுக்காக இவர் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வித்தார். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி கேட்டு வாங்கி வாசித்தார். நான் ஒவ்வொரு முறையும் வணக்கம் எழுதினேன். நீங்கள் ஒரு முறையும் பதில் எழுதாததை ஒரு முறையும் நினைத்துப் பார்க்கவில்லை. உங்கள் தங்கை இப்படித்தான் இருக்கிறாள்.

பொட்டலங்களைப் பிரித்துவிட்டேன். பெரியவற்றின் முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். சின்னவற்றை என்னால் முடியவில்லை. அவர் அவிழ்த்தார்.

ருக்கியா இந்த ஒழுங்கையில் ஏழு வீட்டுக்கு உடுப்புத் தோய்க்க வந்தவள். நாகுவின் துணிகளைத் தோய்த்ததும் அவள்தான். அவனைத் தூக்கி வைத்து "மகன், கடலப் பாருங்க" என்பாள். நீங்கள் கேட்டீர்களே, அந்த மூன்று நாளும் என்னோடு யார் இருந்தார்களென்று. அவள்தான் இருந்தாள். யுத்தகாலம், பாதி ஒழுங்கை யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டிருந்தது.

நாலாம் நாள் சாவீட்டில் எல்லாரும் நிற்கும்போது அவள் அழுதுகொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து எல்லாருக்கும் காட்டினேன். "இந்த நகங்களைப் பாருங்கோ. இந்தக் கைதான் என்ரை பிள்ளைக்கு வருத்தத்தைக் கொண்டு வந்தது." விரல் விரலாக விரித்துக் காட்டினேன், அக்கா. அவள் கையை இழுக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வீட்டிலும் அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது ஓர் அரிசிக் கடையில் கல் பொறுக்குகிறாளாம்.

ஆனி மாதம் அவள் சொன்னதில் பாதியைத்தான் உங்களுக்கு எழுதினேன். மிச்சம் இது, மவுத்து என்றால் சாவு: "உங்கட புள்ளட மவுத்த நான் கையில கொண்டாந்தன் எண்டு சென்னீங்க. இப்ப என்ட பேரன்ட மவுத்த நீங்க துணியில கட்டிக் கொண்டாந்தீக்கிறீங்க."

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் ஏழு வாரம் பிடித்தது.

அவனுக்கு வருத்தம் வந்ததற்கு முதல் நாள் விறகு ஈரம். பிள்ளை பாலுக்குக் கத்துகிறான். தண்ணீர் கொதிக்கவில்லை. சூடு வந்தது, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தது, போதும் என்று இறக்கிப் பால்மாவைக் கரைத்துவிட்டேன். இரண்டு போத்தல். ருக்கியா அன்று வரவேயில்லை. அது அவளுடைய நாளில்லை.

கல்லூரியில் படித்தவளுக்குத் தெரியாதா கொதித்த தண்ணீர் எது, கொதிக்காத தண்ணீர் எது என்று?

நான் கொட்டாஞ்சேனைக்குக் கொடுக்கப் போகவில்லை. அவள் என் கையிலிருந்து ஒரு சவர்க்காரத்தை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று போனேன்.

ஈசு

*

தைப்பிங்
14-10-46

என் ஈசுவுக்கு,

உன் கடிதத்தை மடித்து உடுப்புப் பெட்டிக்குள் அந்தச் சவர்க்காரத்தோடு வைத்திருக்கிறேன். தண்ணீரில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இல்லை, உன் பிழையில்லை என்று நான் எழுதினால் நீ என்னை நம்பமாட்டாய். ஆகவே எழுதவில்லை.

கொட்டாஞ்சேனையில் போய்ச் சொல்வது சுலபம். அங்கே அவளைத் தவிர உன்னை யாருக்கும் தெரியாது. முதலில் உன் ஒழுங்கையில் சொல். ஏழு வீட்டுக்கும். பிறகு அவளிடம் போ. தட்டு வேண்டாம், ஒன்றும் கொண்டுபோகாதே. அவள் மன்னிப்பாள் என்றும் போகாதே.

குளிக்க மறைப்பில்லை என்று நளீபா சொன்னதாக எழுதியிருந்தாய். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா

*

வெள்ளவத்தை
24-11-46

என் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். புவனிக்கு ஒரு வயது முடிந்தது. பிந்தித்தான் எழுதுகிறேன், வழக்கம் போல. ஆனால் இந்த முறை செய்துவிட்டு எழுத இருந்தேன்.

ஏழு வீட்டுக்கும் போனேன். மூன்றாவது வீட்டிலேயே குரல் போய்விட்டது. மஞ்சள் தடவச் சொன்ன மாமி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் தந்தார். மற்றொருவர் வீட்டில், "அதுக்கென்ன பிள்ளை, இப்ப வேறை ஆள் பிடிச்சிட்டம்," என்றார்கள், நான் வேலைக்காரி விஷயம் பேச வந்தது போல. இப்போது நான் கிணற்றடிப் பக்கம் போனால் பேச்சு நிற்கிறது. இரண்டு வீட்டில் அவளை மறுபடி வரச் சொல்லலாம் என்றார்கள். வருவாளோ தெரியாது.

அவரிடம் கடைசியாகத்தான் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார். "அண்டைக்கு நீர் இறக்கி வைச்ச கையோடை நான் வந்து தண்ணிக் கேத்திலைத் தொட்டுப் பார்த்தனான். கையை வைச்சுக்கொண்டு நிக்கக்கூடிய சூடு." இரண்டு வருடமும் அவருக்குத் தெரியும், அக்கா. அவள் கையை நான் விரித்துக் காட்டியபோதும் தெரியும். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் அதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அழவில்லை. அவர் சப்பாத்தை எடுத்து வைத்துவிட்டு, துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பற்பாய்க் கன்வஸ் துணி இருக்கிறது, மறைப்புக் கட்டலாமா என்று கேட்டார். அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நேற்றுப் போனேன். புவனியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு. அவளை டிராமில் ஏற்றியது அதுதான் முதல் தடவை. யார் இருமினாலும் எனக்கு உயிர் போய் வந்தது.

பைப்படியில் ஏழெட்டுப் பெண்கள். ருக்கியா ஒரு குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ருக்கியா, அண்டைக்குத் தண்ணி கொதிக்கேல்லை. கொதிக்காத தண்ணியிலை பாலைக் கரைச்சுக் குடுத்தது நான். அண்டைக்கு நீர் வரவுமில்லை. உம்மடை கையிலை ஒண்டும் இருக்கேல்லை. எனக்கு அது அப்பவே தெரியும்."

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் பைப்பை மூடவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ரெண்டு வருஷமா நாளைக்கி எத்தின தரம் கைய மணந்து பாக்கிறன் தெரியுமா நோனா? சோத்துல கை வெக்கிற நேரமும் மணந்து பாக்கிறன். நளீபாட புள்ளய இன்னும் நான் தூக்கல்ல. பொறந்த அண்டைக்கும் தூக்கல்ல. அது என்னப் பாத்துக் கைய நீட்டும். நான் உள்ளுக்குப் போயிருவன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் புவனி வயிற்றால் போய்விட்டாள். என் சேலை, இடுப்பு, இரண்டு கை, எல்லாம். ஒரு சின்னப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழவி, "சிரிக்காதடி, நீ என்ன அத்தரா போன?" என்று அவள் தலையில் தட்டினாள்.

நளீபா ஓடிப்போய் ஒரு சவர்க்காரத் துண்டைக் கொண்டு வந்தாள். வைகாசியில் நான் கொடுத்த கட்டிகளில் ஒன்று, தேய்ந்து தேய்ந்து இலை போலாகிவிட்டது. கன்னத்தைக் காட்டி, "கழுவுங்க நோனா, மொகத்துலயும் ஈக்கிது," என்றாள்.

இரண்டு கையையும் கழுவ வேண்டும். இடுப்பில் பிள்ளை. அவளைக் கீழே விட ஈரத்தரை. நளீபாவின் கையில் அவளுடைய மகன். சுற்றிப் பார்த்தேன். மற்றவர்கள் யாரும் அசையவில்லை. அவர்கள் ருக்கியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை அரிசிக் கடைத் தூசியோடு அப்படியே இருந்தது. நகங்களில் உமி. முன்னால் நீட்டவில்லை, பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

நான் புவனியை அவளிடம் கொடுத்தேன்.

வாங்கமாட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிள்ளை நழுவப் போகவும் அவள் கை தானாக எழுந்து பிடித்துக்கொண்டது. அவள் புவனியின் அழுக்கைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். புவனி அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

நான் திரும்பிக் குனிந்து கழுவினேன். முழங்கை வரைக்கும், நகத்துக்குள், விரலிடுக்கில். வெடித்த இடமெல்லாம் எரிந்தது. அக்கா, அவரைத் தவிர வேறொருவர் கையில் என் பிள்ளை என் கண்ணில் படாமல் இருந்தது அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழுவி முடித்து நிமிர்ந்து கையை நீட்டினேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ருக்கியா என் கைகளைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, வேறொன்றும் இருந்ததாகவும் என்னால் சொல்ல முடியாது.

"காயட்டும் நோனா," என்றாள்.

காயும்வரை அவளே வைத்திருந்தாள்.

உங்கள்
ஈசு